‘ட்ராக்குக்கும் ஹைவேக்கும் ஒரே செட்’ என்று சொல்லி 1,85,000 ரூபாய் வாங்கினார்கள்: சஸ்பென்ஷன் மாற்றப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் ஆறட்டும் என்று ஒத்திப்போட்டால் எழுதவே மாட்டேன். எனக்கு முன்னால் ஏமாந்தவர்கள் அப்படி ஒத்திப்போட்டதால்தான் அந்தப் பட்டறை இன்னும் ஷட்டரைத் திறந்து வைத்து வியாபாரம் பார்க்கிறது. சென்னைப் புறநகரில் இருக்கும் ஒரு கார் மாடிஃபிகேஷன் பட்டறை. இன்ஸ்டாகிராமில் வாராவாரம் ரீல்ஸ் போடுவார்கள். வக்கீல் சொன்னதால் பெயரைப் போடவில்லை. காரின் சஸ்பென்ஷனை, அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் செட்டை, மாற்றப் போய் போன பணம் 1,85,000 ரூபாய். நடந்ததைச் சொல்லிவிட்டு, எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என் வண்டி ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. வீட்டில் இருப்பது இந்த ஒரே கார். வார நாளில் ஆபீஸ், ட்ராக் டே (சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டவிடும் நாள்) வைத்தால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக், நல்லது கெட்டது என்றால் அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூரில் தங்கச்சி வீடு. ட்ராக்குக்கென்று தனி வண்டி வைத்துக்கொள்ள வசதியுள்ளவர்களுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. என்னைப் போல ஒரே வண்டியில் இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள்தான் இந்த ஆட்களுக்குக் கிடைக்கும் கிராக்கி.

அதுவரை நான் செய்திருந்ததெல்லாம் சின்ன வேலை. நல்ல டயர், சூடு தாங்கும் பிரேக் பேட், புது பிரேக் ஆயில். இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.7 கிலோமீட்டர். நேர்கோட்டில் வேகமாக வந்து பிரேக் அடிக்கும்போது சாதாரண பேட் சில சுற்றிலேயே சூடேறிப் பிடிப்பை விட்டுவிடும். பிரேக் ஆயிலும் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதைச் சரிசெய்த பிறகு வண்டி அருமையாக இருந்தது. வளைவில் வண்டி சாய்வது மட்டும் கொஞ்சம் குறைந்தால் போதும் என்றுதான் சஸ்பென்ஷன் விசாரிக்கப் போனேன். போன அன்றே தெளிவாகச் சொன்னேன்: “அம்மாவுக்கு டிஸ்க் ப்ராப்ளம் இருக்கு. கோயம்புத்தூர் ட்ரிப்தான் எனக்கு முக்கியம். ட்ராக் அதுக்கு அப்புறம்தான்.”

“ப்ரோ, உங்களுக்குன்னே ஒரு செட் இருக்கு” என்றார் அந்த ஓனர். பளபளவென்று நீலக் கலரில் ஒரு காயிலோவரை, அதாவது ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்த சாமானை, மேசைமேல் வைத்தார். ஜப்பான் சரக்கு என்றார். மேலே ஒரு திருகு. “இதை டைட் பண்ணுங்க, ட்ராக். லூஸ் பண்ணுங்க, ஃபேமிலி கார். அம்மா தூங்கிட்டே வருவாங்க.” முன்பக்க ஸ்பிரிங் 5 கிலோ, அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க 5 கிலோ எடை வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் காட்டினார்.

அதோடு நிற்கவில்லை. பட்டறையின் டெமோ காரில் என்னை ஏற்றிக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் போனார். அதுவும் போலோதான். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினார், தூக்கிப் போட்டது. ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, என் கையாலேயே அந்தத் திருகைத் திருப்பச் சொன்னார். ஒவ்வொரு கிளிக்கும் விரலில் தெரிந்தது. திரும்ப அதே வேகத்தடை. இந்த முறை ஒரு சத்தமில்லை, ஒரு அடியில்லை. என் கையால் திருப்பி, என் முதுகால் உணர்ந்த விஷயம் அது. அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் நம்பியிருப்பார்கள். அந்த டெமோ காரில் மாட்டியிருந்தது வேறு செட் என்பது பிறகு அங்கே வேலை பார்த்து நின்றுவிட்ட ஒரு பையன் சொல்லித்தான் தெரிந்தது.

முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டும் என்றார்கள், இம்போர்ட் ஆர்டராம். யுபிஐயில் ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் போகாது என்பதால் முதல் நாள் 1,00,000, மறுநாள் 85,000. ஆக 1,85,000 ரூபாய். பணம் போனது ஓனரின் சொந்தக் கணக்குக்கு. பில் கேட்டதற்கு, “ஜிஎஸ்டி போட்டா இன்னும் முப்பதாயிரத்துக்கு மேல ஆகும் ப்ரோ, எஸ்டிமேட் ஷீட் தர்றேன், அதுவே வாரண்டி” என்றார். கழற்றிய ஒரிஜினல் ஷாக், ஸ்பிரிங் எல்லாவற்றையும் எடுத்துப்போக டிக்கியைத் திறந்தேன். “ஆயில் ஒழுகி கார்ப்பெட் வீணாயிடும், நம்ம குடோன்ல உங்க வண்டி நம்பர் எழுதி வச்சிடுறேன், வேணும்னா எப்ப வேணா வந்து எடுத்துக்கங்க” என்றார். மார்க்கர் பேனாவால் நம்பர் எழுதியதை நானே பார்த்தேன்.

பட்டறையை விட்டு வெளியே வந்த உடனேயே வண்டி தூக்கிப் போட்டது. திருகை முழுக்க லூஸ் பண்ணியும் அதே கதைதான். போன் அடித்தேன். “புது ஸ்பிரிங் ப்ரோ, செட் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க.” ஓட்டினேன். “டயர்ல காத்து ஜாஸ்தி இருக்கும், 28 வைங்க.” வைத்தேன். தங்கச்சி வளைகாப்பு வந்துவிட்டது. வேறு வழியில்லை, அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதுமே அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு மேம்பாலத்திலும் அந்த இணைப்புப் பட்டை மேல் ஏறும்போது இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம், பின்னாலேயே அம்மாவின் மூச்சுச் சத்தம். வாணியம்பாடியில் நிறுத்தி மாத்திரை போட்டார். கிருஷ்ணகிரி தாண்டி தர்மபுரி, அடுத்து தொப்பூர் இறக்கம். அந்த இடம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: பிரேக் சூடேறிய லாரிகள் பின்னால் வரும், கொஞ்சம் பிசகினாலும் உயிர் போகும். அங்கே மேடுபள்ளத்தில் நான் பிரேக் அழுத்த அழுத்த முன்சக்கரம் தரையில் ஒட்டாமல் குதிக்கிறது, வண்டி இடது பக்கமாக இழுக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை இறுகிப்போய் சேலம் வரை தளரவில்லை. சேலத்தில் அம்மா, “கண்ணு, நான் ரயில்ல வந்துடுறேன்டா” என்றார். ஜங்ஷனில் இறக்கிவிட்டேன். சொந்த மகன் கார் ஓட்ட, பின்சீட்டில் நிம்மதியாகப் போக வேண்டிய அம்மாவை நெரிசலான ரயிலில் ஏற்றி அனுப்பியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

கோயம்புத்தூரில் ரேஸ் வண்டி வேலை தெரிந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். அந்த ஊரில் மோட்டார் ரேஸ் தலைமுறையாகப் பழகிய விஷயம், செட்டிப்பாளையத்தில் ட்ராக்கே இருக்கிறது. அவர் முதலில் அந்தத் திருகைத் திருப்பினார். கிளிக் வந்தது, வந்துகொண்டே இருந்தது. எங்கேயும் போய் முட்டி நிற்கவில்லை. “உள்ள ஒண்ணும் இல்லீங்க தம்பி, சும்மா சுத்துது” என்றார்.

கழற்றிப் போட்ட பிறகு கண்டதை வரிசையாகச் சொல்கிறேன். நீல பெயின்ட்டை நகத்தால் சுரண்டினால் அடியில் குழி குழியாகத் துரு. பழைய சாமானைத் தேய்த்து பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தை கிரைண்டரால் தேய்த்த தடம், அதன்மேல் ஸ்டிக்கர். இடது, வலது இரண்டு ஸ்டிக்கரிலும் ஒரே நம்பர். ஸ்பிரிங்கின் பெயின்ட்டை தின்னரால் துடைத்தார், எழுத்து தெரிந்தது. இடது பக்கம் 62-180-10. வலது பக்கம் 62-180-8. உள்விட்டம் 62 மில்லிமீட்டர், நீளம் 180, கடைசி எண்தான் ஸ்பிரிங்கின் கடினம். 5 என்று எழுதிக் கொடுத்த இடத்தில் 10. அதுவும் ஒரு பக்கம் 10, இன்னொரு பக்கம் 8! வண்டி இழுத்ததில் என்ன ஆச்சரியம்? ஷாக்கின் தண்டில் இருக்க வேண்டிய பம்ப் ஸ்டாப் ரப்பரையும் வெட்டி எடுத்திருந்தார்கள். வண்டியைத் தாழ்த்தியதில் அமுங்க இடமே குறைவு, அதில் மெத்தென்று தடுக்க ரப்பரும் இல்லை. அந்த இரும்புச் சத்தம் அதுதான்.

அந்தப் பெரியவர் சொன்ன ஒரு விஷயத்தை எல்லோரும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். திருகு நல்ல திருகாகவே இருந்தாலும் அது மாற்றுவது டாம்பரை, அதாவது ஷாக்கை, மட்டும்தான். ஸ்பிரிங் அமுங்கி விரியும் வேகத்தை அது கட்டுப்படுத்தும், ஸ்பிரிங்கின் கடினத்தைக் கடுகளவும் மாற்றாது. 10 கிலோ ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு டாம்பரை லூஸ் பண்ணினால் வண்டி மெத்தென்று ஆகாது. அடியும் விழும், அடி விழுந்த பிறகு ஊஞ்சலும் ஆடும். முதுகுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஸ்பிரிங்கை உட்காரவைக்கும் வளையத்தை மேலே கீழே திருகினாலும் கடினம் மாறாது. ஆக, ‘ஒரே திருகில் ட்ராக்கும் ஃபேமிலியும்’ என்ற பேச்சே பொய். தூரப் பயணம் முக்கியம் என்றால் ஸ்பிரிங்கை மிதமாக வைத்து, அமுங்க இடம் விட்டு, அதற்குப் பொருத்தமான டாம்பர் போட வேண்டும். ட்ராக்கில் ஒன்றிரண்டு வினாடி போனால் போகட்டும். இதைச் சொல்லி விற்றால் 1,85,000 ரூபாய் வாங்க முடியாதே.

திரும்பி வந்து நேரே பட்டறைக்குப் போனேன். ஓனர் பெங்களூர் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த முறை, கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். வாட்ஸ்அப்பில் போட்டோ எல்லாம் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஒருவழியாகப் பிடித்தபோது, “ட்ராக்ல ஓட்டினீங்களா? ட்ராக்ல ஓட்டினா வாரண்டி கிடையாது சார்” என்றார். ட்ராக்குக்கு என்று விற்ற சாமான்! “கோயம்புத்தூர்ல கழட்டிட்டீங்க, அவங்க மாத்திட்டாங்களோ என்னவோ” என்று அந்தப் பெரியவர் மீதே பழி போட்டார்.

சரி, என் பழைய சஸ்பென்ஷனையாவது கொடுங்கள் என்றேன். குடோன் பையன் உள்ளே போய்த் தேடுகிற மாதிரி தேடிவிட்டு வந்து, “ஸ்கிராப்போட போயிடுச்சு போல சார்” என்கிறான். என் கண் முன்னால் நம்பர் எழுதி வைத்த சாமான். போலோ இந்தியாவில் 2022-லேயே நின்றுபோன வண்டி, நல்ல ஒரிஜினல் செட்டுக்கு எப்போதும் ஆள் இருக்கிறது. அது ஸ்கிராப்புக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

கடைசியாக அந்த ஓனர் சொன்னதுதான் உச்சம். “கம்ப்ளெயின்ட் பண்ணுங்க சார், ஆர்டிஓல உங்க வண்டிதான் மாட்டும்.” மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைக் காட்டி என்னையே மிரட்டுகிறார். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்ற பிரிவு அது. பணம் வாங்கும்போது, “எல்லாம் லீகல் ப்ரோ, போல்ட்-ஆன்தானே, வெட்டு வெல்டிங் எதுவும் இல்லையே” என்று சொன்ன அதே வாய். பணத்தைத் திருப்பிக் கேட்ட அன்று இரவு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அவர்கள் ரீல்ஸுக்குக் கீழே நான் போட்ட கமென்ட்டும் காணவில்லை.

1,85,000 ரூபாய். அதற்கு மேல் இப்போது ஒரிஜினல் ஷாக், ஸ்பிரிங், மவுன்ட் எல்லாம் காசு கொடுத்து வாங்கி மாட்டியாக வேண்டும். உள்பக்கம் தேய்ந்துபோன முன் டயர் இரண்டும் தனி. அம்மா இன்னும் பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள். கழற்றிய ஒரிஜினல் சாமானை அன்றே வீட்டுக்குக் கொண்டுபோங்கள், யார் குடோனிலும் வைக்காதீர்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், தனிநபர் கணக்குக்கு அனுப்பாதீர்கள். மாட்டுவதற்கு முன் ஸ்பிரிங்கில் இருக்கும் எண்ணையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுங்கள், இடது வலது இரண்டையும். திருகு இரண்டு முனையிலும் போய் நிற்கிறதா என்று பாருங்கள். டெமோ காரை நம்பாதீர்கள், அதே செட்டை மாட்டி ஆறு மாதமாவது ஓட்டிய வேறொருவரின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் க்ளெய்ம் நேரத்தில் தகராறு வரும். பக்கெட் சீட், சத்தம் போடும் எக்ஸாஸ்ட் எல்லாம் தூரப் பயணத்துக்கு ஆகாது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1915-க்கு போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. நான் வக்கீல் நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். யுபிஐ ரசீது, எஸ்டிமேட் ஷீட், ஸ்பிரிங் போட்டோ மூன்றும் கையில் இருக்கிறது. சென்னையில் இதே மாதிரி நீலக் கலர் செட் வாங்கியவர்கள், பழைய சாமானை ‘குடோனில்’ விட்டுவிட்டு வந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். உங்கள் ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் நம்பரையும் அனுப்புங்கள். என்னுடையதும் உங்களுடையதும் ஒன்றாக இருந்தால் சேர்ந்தே வழக்குப் போடுவோம்.