சேலத்தில் வாங்கிய ஹைட்ரஜன் நீர்ப் புட்டி

சேலம் ஐந்து ரோடு அருகே ஒரு கடையில், அப்பாவின் சர்க்கரை நோயை எண்ணி, ஹைட்ரஜன் நீர், அதாவது மின்சாரத்தின் உதவியால் ஹைட்ரஜன் வாயு கரைக்கப்பட்ட நீர், தயாரிக்கும் புட்டியை வாங்கினேன். இரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை (செல்களைச் சிதைக்கும் வினைமிகு மூலக்கூறுகள் மிகுந்திருக்கும் நிலையை) முழுவதுமாக நீக்கும் என்று கடைக்காரர் கூறியதை நான் ஏற்கவில்லை. உடலில் எவ்வினையும் புரியாதது என்று நெடுங்காலம் கருதப்பட்ட இவ்வாயு, செல்களைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பை (free radical என்னும் வினைமிகு மூலக்கூறு வகையை) மட்டும் தேர்ந்து குறைக்கிறது என்று 2007-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதியது உண்மையே. ஆனால், மூளைக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்ட எலிகளுக்கு அவர்கள் வாயுவைச் சுவாசிக்கத்தான் கொடுத்தார்கள்.

சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.6 மில்லிகிராம் ஹைட்ரஜனே கரையும். அதுவும் மூடியைத் திறந்ததும் வெளியேறத் தொடங்கும். வேறு பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றி எடுத்துச் சென்றால், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் ஒரு பகுதி போய்விடும்.

புட்டியின் கண்ணாடி உறுதியானது, மின்கலமும் நன்றாக உழைக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றியபோது மட்டும் மின்முனைகளில் வெண்படிவு சேர்ந்தது. எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஊறவைத்ததும் அகன்றது. மாத்திரையைக் குறைக்கலாம் என்று கடையில் சொன்னதுதான் எனக்குப் பெருங்கவலை அளித்தது. அப்பா மாத்திரையை நிறுத்தவில்லை; யாரும் நிறுத்த வேண்டாம்.