ஏரிச் சேறா, குகைத் தூணா?

பழங்காலப் பருவமழை எப்படிப் பெய்தது என்று கேட்க இந்தியாவில் இரண்டு சாட்சிகள் முக்கியம்: ஏரியடிச் சேறு, குகைத் தரையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புத் தூண். தேக்கின் வளையங்களும் உண்டு. ஆனால் சில நூற்றாண்டுகளுக்கு அப்பால் அவை கைவிரித்துவிடும்.

தேதி சொல்வதில் குகை முந்துகிறது. யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. எனவே தூணில் உள்ள தோரியம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து அங்கேயே பிறந்தது; அளந்தால் வயது தெரியும். ஏரிக்கு, உயிரெச்சங்களின் வயதைச் சொல்லும் கார்பன்-14தான். பாறையிலிருந்து கரைந்த பழங்கார்பன் நீரில் கலந்திருந்தால், அதில் வாழ்ந்த நத்தை வயதைக் கூட்டிச் சொல்லும். மேகாலயாவின் மாவ்ம்லூ குகைத் தூணை வைத்துத்தான் 2018இல் ‘மேகாலயன்’ என்னும் புவியியல் காலத்தின் தொடக்கத்தை, ஒரு பெரும் வறட்சியை அடையாளமாகக் கொண்டு, 4,200 ஆண்டுகளுக்கு முன் என்று வகுத்தார்கள். வறட்சிக்கு உலகமே ஏற்ற கல் சிரபுஞ்சிக்கு அருகில் கிடைத்தது வேடிக்கைதான்.

மழை எவ்வளவு என்று கேட்டால் தூண் மழுப்புகிறது. அதன் ஆக்சிஜன்-18 (கனத்த வகை ஆக்சிஜன்) அளவு, மழையின் அளவால் மட்டுமல்ல, மேகம் எந்தக் கடலில் நீர் மொண்டது என்பதாலும் மாறும்.

லோனார் மழுப்புவதில்லை. மகாராஷ்டிரத்தில் விண்கல் விழுந்த பள்ளத்தில் நிற்கும் உப்பேரி அது. நீர் வெளியேற வழியில்லை. துளைத்தெடுத்த சேற்றின் சில அடுக்குகளில் கேலுசைட் படிகங்கள் இருக்கின்றன. சோடியமும் கால்சியமும் சேர்ந்த இந்த உப்பு, ஏரி சுண்டினால்தான் உறையும். உப்பளம் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன்வரை ஒரு தொகுதி. 2,000 முதல் 600 வரை இன்னொன்று.

ஏரியின் குறை வேறு. வறட்சி முற்றினால் ஏரியே காய்ந்து, காற்று மேலடுக்கைச் சுரண்டிப் போகும். முக்கியமான பக்கம்தான் கிழிந்திருக்கும். நம் ஊர்க் கண்மாய்களோ இதற்கு உதவவே உதவா. தூர்வாரும்போது ஏடும் சேர்ந்தே போய்விடுகிறது.

தேதி மட்டும் வேண்டுமென்றால் குகைக்குப் போகலாம். நான் முதலில் ஏரியைத்தான் தோண்டுவேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஹரியானாவில் வறண்டு கிடக்கும் கோட்லா தஹர் ஏரியின் நத்தை ஓடுகளில் சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜன்-18 சட்டென்று ஏறுகிறது; ஏரி நீர் ஆவியாகிச் சுண்டியதன் அடையாளம். அந்தத் தேதி மாவ்ம்லூவை ஒட்டி நிற்கிறது. லோனார் மட்டும் 4,600இலேயே சுண்டத் தொடங்கிவிட்டது. கார்பன் கணக்கு பிசகியதா, மத்திய இந்தியா முன்னதாகவே காய்ந்ததா?