இடி தாக்கிய டிவிக்கு யுனிவர்சல் பவர் போர்டு: எதற்கு உதவும், எதற்கு உதவாது

மின்னலில் அடிவாங்கிய எல்இடி டிவிக்கு ரெடிமேட் தீர்வாக விற்கப்படுவது யுனிவர்சல் பவர் சப்ளை போர்டு. பழைய போர்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் 12 வோல்ட்டும், மாடலைப் பொறுத்து 5, 24 வோல்ட்டும் வரும். சிலவற்றில் பேக்லைட் (திரைக்குப் பின்னாலிருக்கும் எல்இடி விளக்குகள்) டிரைவரும் சேர்ந்தே இருக்கும். பொருள் மோசமில்லை. ஆனால் கரண்ட் லைன் வழியாக அடி வந்த டிவிக்கு மட்டும்தான் இது மருந்து. கேபிள், டிஷ் ஒயர், எச்டிஎம்ஐ, லேன் வழியாக ஏறியிருந்தால் போனது படத்தையும் சத்தத்தையும் கவனிக்கும் மெயின் போர்டு. அங்கே இதை மாட்டி ஒரு பயனும் இல்லை.

ஆகவே வாங்கும் முன் பின்மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரால் வடித்து, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

ஃப்யூஸ் போய், பக்கத்தில் இருக்கும் எம்ஓவி (அதிக வோல்ட்டை உறிஞ்சும் பாதுகாப்புப் பாகம்) மட்டும் வெடித்திருந்தால் அதிர்ஷ்டம். இரண்டையும் மாற்றினாலே டிவி எழுந்துவிடும் வாய்ப்பு உண்டு. புதுப் போர்டு தேவையே இல்லை. ஃப்யூஸ் கண்ணாடி உள்ளே கருகி வெள்ளி பூசியதுபோல் இருந்தால் உள்ளே பலத்த ஷார்ட். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டையோடுகளை மீட்டரின் டையோடு மோடில் அளந்தால் ஒவ்வொன்றும் சுமார் 0.5 வோல்ட் காட்ட வேண்டும். மாஸ்ஃபெட்டின் (சப்ளையை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) டிரெயின், சோர்ஸ் கால்களுக்கு இடையே பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அது போய்விட்டது. அதை மட்டும் மாற்றி ஆன் செய்வதுதான் வழக்கமான தப்பு. கேட் ரெசிஸ்டர், சோர்ஸில் இருக்கும் ஒரு ஓமுக்கும் குறைவான சென்ஸ் ரெசிஸ்டர், கன்ட்ரோல் ஐசி, ஆப்டோகப்ளர் நான்கையும் சோதிக்காமல் விட்டால் புது மாஸ்ஃபெட் கண்ணிமைக்கும் நேரத்தில் போகும். முதல் ஆன் எப்போதும் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. எல்இடி பல்பு இதற்கு உதவாது.

மெயின் போர்டைக் கழற்றிய நிலையில் பவர் போர்டு ஒழுங்காக 5, 12 வோல்ட் தருகிறது, மாட்டியதும் வோல்ட் சரிகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் மெயின் போர்டுதான். எச்டிஎம்ஐ சாக்கெட்டின் 1, 3, 4, 6, 7, 9, 10, 12ஆம் பின்களை கிரவுண்டுக்கு டையோடு மோடில் அளந்து பாருங்கள். எட்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்தை ஒட்டினால் அடி உள்ளே புகுந்திருக்கிறது. சில வோல்ட் கொடுத்ததுமே மெயின் ஐசி கைபொறுக்காத சூடானால் வேறு மெயின் போர்டுதான் வழி. அதுவும் பேனலின் ரெசல்யூஷனுக்கும் அதன் சப்ளை வோல்ட்டுக்கும், 5ஆ 12ஆ என்று, பொருந்த வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஐசியின் 1.1 வோல்ட் லைன் இயல்பாகவே சில ஓம்தான் காட்டும். அதை ஷார்ட் என்று எண்ணி நல்ல போர்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

அடி பவர் போர்டில்தான், அதுவும் பிசிபியே கருகிவிட்டது அல்லது டிரான்ஸ்ஃபார்மர் ஓப்பன் என்றால் யுனிவர்சல் போர்டை தாராளமாக வாங்கலாம். பின்பக்க லேபிளில் உள்ள வாட்டைப் பார்த்து, அதைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக எடுங்கள். மலிவான போர்டுகளில் அட்டையில் எழுதிய வாட்டை நம்புவதைவிட பெரிய கெபாசிட்டரைப் பாருங்கள்: 230 வோல்ட் சப்ளைக்கு வாட்டுக்கு ஒரு மைக்ரோஃபாரட் என்பது பழைய கணக்கு. 60 வாட் என்று போட்டு 33 மைக்ரோஃபாரட் வைத்திருந்தால் புரிந்துகொள்ளுங்கள். வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் இடத்துக்கு 400 அல்ல, 450 வோல்ட் கெபாசிட்டர்தான் தாங்கும்.

இந்தப் போர்டுகளின் பெரிய குறை பாதுகாப்பில். பலவற்றில் எம்ஓவிக்கு இடம் இருக்கும், எம்ஓவி இருக்காது. மின்னலுக்காக வாங்குகிற பொருளில் இப்படிச் செய்வது கஞ்சத்தனம். 14டி471 எம்ஓவி ஒன்றை ஃப்யூஸுக்குப் பின்னால் சோல்டர் செய்யுங்கள்; ஃப்யூஸுக்கு முன்னால் போட்டால் அது ஷார்ட் ஆகும்போது ஃப்யூஸ் காப்பாற்றாது. இதைவிட ஆபத்து, பிரைமரிக்கும் (கரண்ட் லைன் பக்கம்) செகண்டரிக்கும் (டிவிக்கு வோல்ட் தரும் பக்கம்) குறுக்கே வரும் நீல கெபாசிட்டர். அதில் ஒய்1 என்ற குறி இல்லாவிட்டால் மாற்றியே தீர வேண்டும். அது ஷார்ட் ஆனால் டிவியின் இரும்புச் சட்டமும் எச்டிஎம்ஐ சாக்கெட்டும் லைன் கரண்டைத் தொடும். இரு பக்கங்களுக்கும் நடுவே பிசிபியில் 6 மில்லிமீட்டர் இடைவெளியாவது தேவை.

பேக்லைட் வெளியீட்டை ஒரிஜினலின் கரண்டுக்குச் சற்றுக் கீழே செட் செய்தால் எல்இடி பட்டைகள் நீண்டு உழைக்கும். படத்தில் கோடு ஓடினால் 12 வோல்ட் வெளியீட்டில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி கெபாசிட்டர் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சுற்று) உள்ள பெரிய டிவிகளுக்கு இந்தப் போர்டு வேண்டாம். அங்கே அதே மாடலின் பழைய போர்டைத் தேடி எடுப்பதே மேல்.