சோதனைச் சூழலுக்கு ஒரு சிறு தனியார் கிளஸ்டர்: பினாங்கில் மூன்றாண்டு அனுபவம்

பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் எங்கள் குழு, மூன்றாண்டுகளாகத் தன் சோதனைச் சூழல்கள் (மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் தனி அமைப்புகள்) ஏறக்குறைய அனைத்தையும் அலுவலக அறையிலுள்ள மூன்று பழைய சர்வர்களில், அவற்றை ஒன்றாக இணைத்த கிளஸ்டராக, இயக்கி வருகிறது. ஒவ்வொன்றிலும் 64 ஜிபி நினைவகம், ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை (மென்பொருளால் உருவாகும் கணினிகளை) இயக்கும் மென்பொருள் ப்ராக்ஸ்மாக்ஸ்.

முதலில் இரண்டு சர்வர்களோடுதான் தொடங்கினோம். ஒரு மாலை இடிமழையில் மின்சாரம் போய்த் திரும்பியபோது அவற்றில் ஒன்று எழவில்லை. மற்றது பழுதின்றி இருந்தும், அதில் ஒரு மெய்நிகர் கணினியைக்கூடத் தொடங்க முடியவில்லை. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வாக்கு; பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் இருந்தால்தான் கிளஸ்டர் இயங்க விடும். இரண்டில் ஒன்று பெரும்பான்மை ஆகாது. தொடர்பறுந்த இரு பக்கங்களும் ஒரே தரவில் தனித்தனியே எழுதிக் கெடுத்துவிடாமல் காக்கும் ஏற்பாடு அது. மூன்றாவது சர்வருக்கு வசதியில்லாதவர்கள், வாக்களிக்க மட்டுமாவது ஒரு சிறு கணினியைச் சேர்த்துவிட வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் இந்த ஊரில் தொடங்கவே கூடாது.

எங்களை அதிகம் வாட்டியது சேமிப்பகம். வீட்டுக் கணினிகளுக்கான எஸ்எஸ்டிகளையும் 1 ஜிபிபிஎஸ் வலையமைப்பையும் நம்பி, எல்லாச் சர்வர்களின் வட்டுகளையும் ஒரே சேமிப்பகமாக இணைத்துத் தரவின் பிரதிகளை அவற்றில் பரப்பி வைக்கும் செஃப் என்ற மென்பொருளை நிறுவினோம். தரவுத்தளச் சோதனைகள் காரணமின்றி நேரங்கடந்து தோற்றன. பல வாரங்கள் எங்கள் நிரலிலேயே பிழை தேடினோம். செஃப் எல்லாப் பிரதிகளும் வட்டில் பதிந்த பிறகே எழுதி முடிந்ததாகச் சொல்லும். எங்களுடையவை போல மின்தடைப் பாதுகாப்பு இல்லாத எஸ்எஸ்டிகள் அந்த இடத்தில் மிகவும் திணறும். தரவு மையங்களுக்கான எஸ்எஸ்டியும் 10 ஜிபிபிஎஸ் இணைப்பும் வந்தபின் அந்தத் தோல்விகள் நின்றன. இயல்பாக மூன்று பிரதிகள் வைப்பதால், 6 டிபி வாங்கினால் 2 டிபிக்கு மேல் கிடைக்காது என்பதையும் முன்பே கணக்கிட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு இதை நான் விடமாட்டேன். சோதனையாளர் ஒவ்வொருவரும் டெம்ப்ளேட் எனும் தயார்நிலை மாதிரியிலிருந்து தமக்கென ஒரு சூழலைச் சில நொடிகளில் எடுத்து, தரவைத் தயங்காமல் சிதைத்துப் பார்த்து, முன்பே சேமித்த நிலையின் பதிவான ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புகிறார். நினைவகத்தோடு எடுத்த ஸ்னாப்ஷாட்டில் மட்டும் கவனம் தேவை: கணினி விழிக்கும்போது அதன் கடிகாரம் பழைய நேரத்தையே காட்டுவதால், நேரத்தைச் சரிபார்க்கும் உள்நுழைவுச் சோதனைகள் தவறாகத் தோற்கும். நேர ஒத்திசைவு உடனே நடக்குமாறு டெம்ப்ளேட்டிலேயே அமைத்துவிட்டோம்.

எவ்வளவு பயன்பாட்டைத் தாங்கும் என்று அளக்கும் சுமைச் சோதனைகளை மட்டும் இங்கே நடத்துவதில்லை. பக்கத்துச் சூழலின் வேலையும் அதே வட்டுகளில் நடப்பதால் அளவீடுகளை நம்ப முடியாது. அவற்றுக்கு இன்றும் பொது மேகத்தில் (வெளி நிறுவனத்தின் சர்வர்களில்) மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம்.