மஸ்டாங், இசட்4, ஆக்டேவியா ஆர்எஸ், ஐ20 என் லைன்: குமரி மாவட்டச் சாலைக்கு எது?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் ஆலோசனை கேட்டு வந்தால் குதிரைத்திறனில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டியை வெளியே எடுத்தால் எந்தப் பக்கம் திரும்புவீர்கள்? நான்கு வழிச் சாலைக்குப் போகும் காவல்கிணறு பக்கமா, ரப்பர் தோட்ட வளைவுகள் உள்ள குலசேகரம் பக்கமா, கடற்கரையோரக் குளச்சல் பக்கமா? கன்னியாகுமரி மாவட்டத்தில் காரைத் தேர்ந்தெடுக்க அந்தப் பதிலே பாதி வேலையை முடித்துவிடும். இங்கே நான்கு கார்களை எடுத்துக்கொள்கிறேன்: ஃபோர்டு மஸ்டாங், பிஎம்டபிள்யூ இசட்4, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், ஹூண்டாய் ஐ20 என் லைன். விலையில் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருப்பவை. ஆனாலும் வாங்குகிறவர் மனத்தில் இருக்கும் ஆசை ஒன்றுதான் என்பதால் சேர்த்து வைத்துப் பேசுகிறேன்.

அந்த ஆசையை முதலில் நேராகப் பார்த்துவிடலாம். 250 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்காக யாரும் இங்கே ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதில்லை. வளைகுடாவிலோ கப்பலிலோ வேலை செய்து, விடுமுறைக்கு ஊர் வரும்போது ஓட்டுவதற்கென்று ஒன்றை வாங்கி நிறுத்திவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தொழிலில் நிலைபெற்ற பிறகு, பள்ளிக்கூட நாளில் சுவரில் ஒட்டியிருந்த படத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பழைய டர்போ ஹேட்ச்பேக்கைத் தேடி வாங்கித் தானே செப்பனிடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பயன்பாடு என்று பார்த்தால் மூவருக்கும் ஏறத்தாழ ஒரே வழக்கம்தான். விடியலில் எடுப்பார்கள், வட்டக்கோட்டையிலோ முட்டத்திலோ பேச்சிப்பாறையிலோ ஒரு டீ குடிப்பார்கள், சாலை நிறைவதற்குள் திரும்பிவிடுவார்கள். பிறகு நிழலில் நிறுத்தித் துடைப்பார்கள். சொந்தத்தில் கல்யாணம் வந்தால் மாப்பிள்ளை காராகக் கொடுப்பார்கள். இவ்வளவுக்குத்தானா இத்தனை பணம் என்று கேட்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. பிடித்த ஒரு இயந்திரத்தோடு வாரத்தில் இரண்டு மணி நேரம் முழுக் கவனத்தோடு இருப்பது பெரிய விஷயம்.

ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எந்தச் சாலையில் கழிகிறது என்பதுதான் கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடியாக நெருக்கமான மாவட்டம் இது. ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடைவெளி என்பதே அரிது. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை வீடு, கடை, பள்ளி, தேவாலயம், கோயில் என்று தொடர்ந்து வரும். கேரளத்துக்குக் கல்லும் மண்ணும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். மத்திய அரசின் 2018 அறிவிப்பு காருக்கு விதித்த உச்சவரம்பு, நடுவில் பிரிப்பு உள்ள நான்கு வழிச் சாலையில் 100 கிலோமீட்டர், மற்றச் சாலைகளில் 70. நம் மாவட்டச் சாலைகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை.

விடியற்காலை வெறிச்சோடிக் கிடக்கும் என்பதும் வெளியூர்க்காரர் எண்ணம். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் இருள் பிரியுமுன்பே தலையில் விளக்கோடு தோட்டத்துக்கு நடப்பார்கள், பைக்கில் போவார்கள். கீரிப்பாறை, குலசேகரம் சாலைகளின் வளைவுகளில் எதிரே வருவது அவர்கள்தான். தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் வண்டிகளுக்கும் அதுதான் நேரம். மேற்குக் கடற்கரைச் சாலையில் மீன் வண்டிகள் சிந்திக்கொண்டு போகும் தண்ணீர் தாருக்குமேல் வழவழப்பாகப் படிந்திருக்கும். அகலமான டயருக்கும் அது வழுக்கும். கார் ஓட்டும் இன்பத்தை மனதார நேசிக்கிற எவரும் இந்த மூன்றையும் தெரிந்துகொண்டுதான் சாவியைக் கையில் எடுக்க வேண்டும். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம் என்பது அப்புறம். அந்த ரப்பர் தொழிலாளி வீடு திரும்ப வேண்டும் என்பது முதல்.

ஆக, நம் மாவட்டத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை அளக்கும் கோல் இது: 30 முதல் 70 கிலோமீட்டர் வேகத்துக்குள் அது எவ்வளவு இன்பம் தருகிறது?

மஸ்டாங்கை இந்தக் கோலால் அளக்க மனம் வலிக்கிறது. 2016 ஜூலையில் ஃபோர்டு அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது விலை 65 லட்சம் ரூபாய். ஐந்து லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜின், 401 குதிரைத்திறன். 1964இல் பிறந்த அந்தப் பெயருக்கு ஆறாவது தலைமுறையில்தான் தொழிற்சாலையிலிருந்தே வலப்பக்க ஸ்டியரிங் கிடைத்தது. நமக்கு வந்ததும் அதனால்தான். காலையில் கிளப்பும்போது எழும் அந்தக் கனத்த உறுமலுக்கு ஈடாக மற்ற மூன்றிலும் எதுவும் இல்லை. சத்தத்துக்காகவே வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். ஆனால் அது இரண்டாம் கியரை முழுதாகத் தீர்ப்பதற்குள் 100ஐத் தாண்டிவிடும். அதன் திறமை தொடங்கும் இடத்தில் நம் சாலை முடிந்துவிடுகிறது. கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1,916 மில்லிமீட்டர் அகலம். திற்பரப்புப் பக்கத்துக் கிளைச்சாலையில் எதிரே ஒரு மினி பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியே ஆகவேண்டும். முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டிக் காவல்கிணறு போய், நான்கு வழிச் சாலையில் ஏறித் திருநெல்வேலியில் காலை உணவு சாப்பிட்டுத் திரும்பும் பழக்கம் உள்ளவருக்கு மஸ்டாங் பொருந்தும். அங்கேயும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் பக்கவாட்டுக் காற்று அடிக்கும் மாதங்களில் ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்திருங்கள். அதோடு, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021இல் அறிவித்துவிட்டது. பழைய மஸ்டாங்கின் விலையைப் பேசும்போது பாகங்கள் வந்துசேர ஆகும் காத்திருப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இசட்4 எம்40ஐ என்னை வேறு மாதிரி யோசிக்க வைத்தது. தாளில் பார்த்தால் மஸ்டாங்கைவிட இது நமக்கு இன்னும் பொருந்தாத கார். இரண்டே இருக்கை, தாழ்ந்த முகம், மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர், 340 குதிரைத்திறன், 100 கிலோமீட்டர் வேகத்தை நான்கரை வினாடியில் எட்டும். ஆனால் அதன் துணிக்கூரை பத்து வினாடியில் திறக்கும், 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே திறக்கலாம். கூரையைத் திறந்துவிட்டால் 40 கிலோமீட்டர் வேகமே போதும். மணக்குடிப் பாலத்தில் உப்பங்காற்று, தடிக்காரன்கோணம் தாண்டினால் ரப்பர் மரங்களின் ஈரக் குளிர்ச்சி, மழை ஓய்ந்த மறுநாள் மண்வாசனை என்று சாலையே காருக்குள் வந்துவிடுகிறது. வேகம் இல்லாமலே மனம் நிறைகிறது. குதிரைத்திறனைவிட அந்தக் கூரைக்காகவே இந்த மாவட்டத்தில் இசட்4 மஸ்டாங்கைவிட நல்ல தேர்வு என்று நினைக்கிறேன்.

அதற்குக் கொடுக்கும் விலையும் சின்னதல்ல. 2023இல் ஷோரூம் விலை ஏறத்தாழ 90 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம். அதாவது வரி மட்டும் 18 லட்சம். நம் பட்டியலின் நான்காவது காரை வரி, காப்பீடு எல்லாம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் அந்த 18 லட்சத்தில் மிச்சம் இருக்கும். வேகத்தடைகளும் இசட்4இன் பகை. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் எந்தக் காரும் தட்டாது. நம் ஊர்களில் ஒரு முழ அகலத்தில் முழங்கால் தட்டுகிற மேடாகப் போட்டுவைத்திருக்கும் தடைகளை இசட்4 கோணலாக ஏறித்தான் கடக்க வேண்டும், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தாலும் அவசரப்படக் கூடாது.

இந்த இரண்டு கார்களையும் பற்றி வாங்குமுன் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. இவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் ஓட்டம் அல்ல, நிற்பது. விடுமுறைக்கு வருகிறவர் பத்து மாதம் பூட்டிவைத்துவிட்டுப் போகிறார். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் உப்புக்காற்றில் பிரேக் டிஸ்க் துருவேறிவிடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் மாவட்டம் இது; துணிக்கூரையில் பூஞ்சை பிடிக்கும். பேட்டரி இறங்கிவிடும். ஒரே இடத்தில் நின்ற டயர் தட்டையாகிவிடும். ரப்பர் தோட்டம் ஒட்டிய வீடுகளில் எலி வயரைக் கடித்துவைத்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் ஈரத்தை இழுக்கும்; 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வருமுன் தயாரான பல கார்களின் குழாய்களும் சீல்களும் அதற்காக வடிவமைக்கப்பட்டவையும் அல்ல. இதற்கெல்லாம் வழி இருக்கிறது. பேட்டரியைத் தொடர்ந்து மெல்ல ஏற்றும் சார்ஜர் ஒன்றை மாட்டலாம், டயரில் காற்றைக் கூட்டி வைக்கலாம், காற்றோட்டமுள்ள உறையால் மூடலாம். எல்லாவற்றையும்விட நல்லது, மாதம் இரண்டு முறை அரைமணி நேரம் எடுத்து ஓட்ட நம்பிக்கையான ஒருவர். வீட்டில் தம்பியோ மைத்துனனோ அதைச் செய்யத் தயாராக இல்லையென்றால் இந்த இரண்டில் எதையும் வாங்காதீர்கள். வாங்கிவிட்டுத் துருப்பிடிக்க விடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆக்டேவியா ஆர்எஸ் குடும்பஸ்தர்களின் ஸ்போர்ட்ஸ் கார். 2017இல் வந்தது 230 குதிரைத்திறன், 2020இல் 200 கார்கள் மட்டும் வந்த ஆர்எஸ் 245, பிறகு 2025இல் 100 கார்கள் மட்டும் ஏறத்தாழ 50 லட்சம் விலையில் 265 குதிரைத்திறன். புதியது கைக்கு எட்டுவது அரிது என்பதால் நாம் பேச வேண்டியது 2017இன் பழைய கார்களைத்தான். ஐந்து பேர் உட்காரலாம், டிக்கி 590 லிட்டர். அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளைத் திருவனந்தபுரம் விமானநிலையத்துக்கும் அதே காரில் கொண்டுபோகலாம். வீட்டில் ஒரே கார்தான் என்றால் என் வாக்கு இதற்கே. தினமும் ஓடுவதால் நின்று கெடும் தொல்லையும் இல்லை. குறை ஒன்று உண்டு: மிக நன்றாக ஓடுகிறது. 70 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு மூச்சே வாங்காது. ஓட்டுகிறவருக்கும் வேகம் தெரியாது. மாவட்டச் சாலையில் அது ஆபத்து, இன்பமும் குறைவு.

கேரளப் பதிவு எண்ணில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று எல்லை தாண்டி வாங்குகிறவர்கள் பலர். தடையின்மைச் சான்று வாங்கி, பன்னிரண்டு மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியையும் கட்டிய பிறகு அந்த விலை எங்கே வந்து நிற்கிறது என்று கூட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கடைசியாக ஐ20 என் லைன். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ; 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. மஸ்டாங்கின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த முறுக்குவிசை, அதாவது இழுவை, என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுழற்சியில் ஓடும்போதே கிடைத்துவிடுகிறது. சாதாரண ஐ20ஐவிட விறைப்பான சஸ்பென்ஷன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் சாலையில் இரண்டு, மூன்று, மீண்டும் இரண்டு என்று கை ஓயாமல் கியர் மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் எங்கே பிரேக்கை விடுவது, எங்கே ஆக்ஸிலேட்டரைத் தொடுவது என்று மூளை வேலை செய்துகொண்டே இருக்கும். வேகமானி அறுபதைச் சுற்றியே இருக்கும். காரின் வலுவில் பெரும்பகுதியை நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருப்பீர்கள், சட்டத்துக்குள், ஒருவர் உயிருக்கும் இடைஞ்சல் இல்லாமல். தாழ்வான முன்பகுதி இல்லாததால் வேகத்தடைக்கு அஞ்ச வேண்டியதில்லை. எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் இருக்கும். பழுதானால் மாவட்டத்துக்குள்ளேயே சரிசெய்துகொள்ளலாம். மற்றவற்றை லாரியில் ஏற்றி வெளியூர் அனுப்ப வேண்டி வரலாம்.

ஆகவே குலசேகரம் பக்கம் திரும்புகிறவருக்கு ஐ20 என் லைன்தான் என் பதில், பணம் எவ்வளவு இருந்தாலும். குளச்சல் பக்கம் திரும்புகிறவர் வசதி இருந்தால் இசட்4 வாங்கட்டும். காவல்கிணறு பக்கம் என்றால் ஆர்எஸ், அல்லது அந்த வி8 சத்தம் காதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறவருக்கு மட்டும் மஸ்டாங்.

வேகம்தான் வேண்டும் என்று உள்ளே அரிப்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே இடம் இருக்கிறது. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இரண்டும் அதற்கென்றே கட்டியவை. தடத்தில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சியில் ஒருமுறை சேர்ந்துவிட்டு வாருங்கள். நான்கில் எதை வாங்கினாலும் அந்தச் செலவு வீண்போகாது. என் லைன் வாங்குவதானால் 2023 செப்டம்பரில் புதுப்பித்து வந்த ஆறு கியர் மேனுவலைத் தேடுங்கள். அதற்கு முந்தைய கிளச் மிதி இல்லாத கியர்பாக்ஸ் மார்த்தாண்டம் நெரிசலில் காலுக்கு ஓய்வு தரும், ஆனால் பேச்சிப்பாறை வளைவில் கிடைக்கும் இன்பத்தில் பாதியைப் பறித்துவிடும். மிச்சமாகும் பணத்தில் முதல் செலவு, மழையில் நன்றாகப் பிடிக்கும் நான்கு டயர்களாக இருக்கட்டும். ஒலியைக் கூட்டும் சைலன்சருக்கு அந்தப் பணத்தைத் தராதீர்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அப்படி மாற்றுவதைச் சட்டமும் ஏற்காது, தூங்கும் ஊரும் ஏற்காது.