மொட்டை மாடி ஷீட் கூரை: பல மழைக்காலம் தாண்டிய ஓவர்லாப் இணைப்புகளின் நிலவரம்

சென்னையில் கடலை ஒட்டிய திருவான்மியூர், கொட்டிவாக்கம், ராயபுரம் பக்கம் போட்ட ஷீட் கூரைகளையும் கடலிலிருந்து தள்ளியிருக்கும் அம்பத்தூர், ஆவடி பக்கம் போட்டவற்றையும் சில வருடம் கழித்துப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஷீட்டின் நடுப்பகுதி பெயிண்ட் மங்கியிருக்கும், அவ்வளவுதான். கடலோரக் கூரையில் மட்டும் ஒரு ஷீட் இன்னொன்றின் மேல் ஏறும் விளிம்பில் பழுப்புக் கோடு இறங்கியிருக்கும். கலர், பிராண்ட், விலை பற்றியெல்லாம் வாங்கும்போது நிறையப் பேசுகிறோம். கூரையின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்தக் குறுகிய விளிம்புதான்.

ஷீட்டின் மேல்முகத்தில் படியும் உப்பை மழை கழுவிவிடும். லேப்புக்குள், அதாவது ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடுக்குக்குள், போன உப்பு அங்கேயே தங்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் மழையே பெய்யாத மே மாதத்திலும் லேப்புக்குள் நசநசப்புதான். இடுக்கின் வாயில் ஆக்சிஜன் அதிகம், ஆழத்தில் குறைவு. குறைவாக உள்ள இடம் ஆனோடாகி (மின்வேதி அரிப்பில் கரையும் முனையாகி) உலோகம் கரைகிறது, குளோரைடும் அங்கேயே சேர்ந்து அமிலத்தன்மை ஏறுகிறது. முதலில் வெள்ளைப் பொடி வந்தால் மேல்பூச்சு போகிறது என்று அர்த்தம். சிவப்பு வந்தால் உள்ளிருக்கும் ஸ்டீலே போக ஆரம்பித்துவிட்டது.

கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் வெல்டிங் லேப்தான் இதைவிட மோசம். 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள பட்டையை ஒரு பிளேட் மேல் ஏற்றிப் பத்தவைப்பதாக வைத்துக்கொள்வோம். 4 மி.மீ. ஃபில்லெட்டின் (மூலையில் போடும் முக்கோண வெல்டின்) தொண்டைக் கனம், அதாவது சுமை தாங்கும் குறுகிய கனம், அந்த அளவைப் போல் 0.7 மடங்கு, 2.8 மி.மீ. சைட்டில் போடும் வெல்டுக்கு ஐஎஸ் 800 (ஸ்டீல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி) கணக்குப்படி ஒரு மி.மீ. நீளத்துக்குச் சுமார் 440 நியூட்டன் தாங்கும். இரண்டு பக்கமும் 80 மி.மீ. ஓட்டினால் 70 கிலோநியூட்டன். பட்டையின் இழுவலிமையே சுமார் 68 கிலோநியூட்டன்தான். பலத்துக்கு இது தாராளம், அதனால்தான் வெல்டர் அத்தோடு நிறுத்திவிடுகிறார். குறுக்கு விளிம்பு திறந்தே கிடக்கிறது, தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகிறது. துரு, கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பட்டையைப் பிளேட்டிலிருந்து நெம்பித் தள்ளும். பக்கவாட்டு இழுவைக்கென்று போட்ட வெல்டின் அடி, கணக்கிலேயே இல்லாத ஒரு பிளவு விசையை வாங்குகிறது. லேப்பில் பட்டையும் பிளேட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் ஏற்கெனவே கொஞ்சம் வளைவு இருக்கும். துரு அதைக் கூட்டிவிடும்.

ஆகவே பலத்துக்குத் தேவையில்லை என்றாலும் சுற்றிலும் முழுசாக ஓட்டச் சொல்லுங்கள். லேப் நீளம் மெல்லிய பட்டையின் கனத்தைப் போல் 4 மடங்கு அல்லது 40 மி.மீ., எது அதிகமோ அதற்குக் குறையக் கூடாது. விட்டு விட்டு டாக் (சின்னப் புள்ளி வெல்டு) வைத்து மேலே ரெட் ஆக்சைடு அடிப்பது கடலோரத்தில் பணத்தை வீணாக்கும் வேலை. இடுக்குக்குள் பிரஷ் போகாது. ஜிஐ பைப்பாக இருந்தால் பத்தவைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும். கசடைத் தட்டி, வயர் பிரஷ் போட்டு, அன்றைக்கே சிங்க் ரிச் பிரைமர் அடிக்க வேண்டும். போல்ட் இணைப்பு என்றால் உரசும் இரண்டு முகங்களுக்கும் முன்கூட்டியே பிரைமர், முறுக்கிய பிறகு விளிம்பில் சீலன்ட்.

ஷீட்டுக்கு வருவோம். முடிந்தவரை நீளவாக்கில் லேப்பே வராமல் ஒரே நீளத்தில் ஆர்டர் கொடுங்கள். நம் தெருவில் 6 மீட்டர் ஷீட்டை நான்காவது மாடிக்கு ஏற்றுவது சர்க்கஸ்தான், ஆனால் வெட்டி ஒட்டுவதற்குக் கயிறு கட்டி இழுப்பது மேல். லேப் வந்தே தீரும் என்றால் 150 மி.மீ., சரிவு குறைவான கூரைக்கு 200. பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டும் சீல் பட்டை) இரண்டு வரிசை: ஒன்று கீழ் விளிம்பிலிருந்து விரல் அகலம் உள்ளே தள்ளி, மற்றொன்று லேப்பின் மேல்முனைக்குப் பக்கத்தில், அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே ஸ்க்ரூ. ஒரு வரிசை மட்டும் ஒட்டி ஓரத்தில் இடைவெளி விட்டால் வெறும் லேப்பைவிடக் கெடுதல், போன தண்ணீர் காயவே காயாது. சிலிகான் தடவுவதானால் வினிகர் வாடை அடிப்பது வேண்டாம், அந்த அமிலமே பூச்சைத் தின்னும். நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள்.

பக்கவாட்டு லேப்பில் சின்னப் பள்ளம் உள்ள விளிம்பு கீழே போக வேண்டும். ஆள் மாற்றிப் போட்டால் முதல் மழையிலேயே ஒழுகும். வடகிழக்குப் பருவமழை கடல் பக்கத்திலிருந்து அடிப்பதால் மேற்கு ஓரத்தில் ஆரம்பித்துக் கிழக்கு நோக்கிப் போட்டு வரவேண்டும், திறந்த விளிம்பு மேற்கே பார்க்கும்.

ஸ்க்ரூ விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம், ஓரங்களில் உறிஞ்சல் இன்னும் அதிகம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர வரிசைகளில் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று போடுங்கள். வாஷர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்த வேண்டும், அதிகம் முறுக்கினால் ரப்பர் கிழிந்து ஓட்டை வழியாக லேப் நனையும். கிரைண்டரில் ஷீட் வெட்டவே கூடாது. ஸ்க்ரூ போடும்போது விழுந்த இரும்புப் பிசிரை அன்று மாலையே பெருக்கிவிடுங்கள், மறுநாள் பனியில் துருப்புள்ளியாகிவிடும். ஏசியின் செம்புக்குழாயில் சொட்டும் தண்ணீர் ஷீட்டில் விழாதபடி டியூப் போட்டு ஒதுக்குங்கள்.

பராமரிப்புக்கு ஏற்ற மாதம் ஜனவரி. கூரையின் அடிப்பக்கத்தையும் தாழ்வாரத்தையும் மழை தொடாது, அங்கேதான் உப்பு தங்கும். நல்ல தண்ணீரில் ஹோஸ் பிடித்துக் கழுவுங்கள். கடலோர போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். லேப்பில் சவர பிளேடை நுழைத்துப் பாருங்கள், சுலபமாக உள்ளே போனால் டேப் விட்டுவிட்டது. அப்போது மேலே சீலன்ட் பூசி மூடக் கூடாது, உள்ளிருக்கும் உப்புக்கு வசதி செய்து கொடுத்தது போலாகும். ஸ்க்ரூவைக் கழற்றி, லேப்பைத் திறந்து, கழுவி, ஒரு முழு வெயில் காயவிட்டு, பிரைமர் அடித்துப் புது டேப் ஒட்டி, பழைய 12 கேஜ் ஓட்டையில் அதைவிடத் தடிமனான 14 கேஜ் ஸ்க்ரூ போடுங்கள். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் பைப்பின் சுவர் துருவேறி 14 கேஜும் சும்மா சுற்றினால், அந்தத் துண்டு பைப்பையே வெட்டி மாற்ற வேண்டியதுதான்.