நாயுடுபுரம் ஹோம்ஸ்டே சினிமா ரூம்: வெள்ளிக்கிழமை குணா, சனிக்கிழமை மஞ்சும்மல் பாய்ஸ்

ரூம், வெந்நீர், பார்க்கிங் எல்லாம் ஓகே, அதெல்லாம் மத்தவங்க எழுதிட்டாங்க. நான் கீழ இருக்கற சினிமா ரூம பத்தி மட்டும் சொல்றேன், நாங்க கொடைக்கானல்ல இத புக் பண்ணதே அதுக்காகத்தான். ஒரு பக்கச் சுவர் பூரா வெள்ளை பெயிண்ட், தரையில மெத்தை, ஆளுக்கு ஒரு கம்பளி. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு பழைய படம், சனிக்கிழமை அதுக்குத் தோதா ஒரு புதுப்படம்னு ஓனர் அண்ணன் போடுறாரு. நாங்க போனப்ப கமலோட குணாவும் மலையாளப் படம் மஞ்சும்மல் பாய்ஸும், ரெண்டுலயும் இங்க இருக்கற குணா குகைதான் வருது. கொடைக்கானல்ல வேற என்னத்த போடுவாங்கன்னு நானும் நெனச்சேன், ஆனா அடுத்தடுத்த ராத்திரி பாக்கறது வேற மாதிரிதான் இருக்கு.

மொதல்ல கம்ப்ளைன்ட். ப்ரொஜெக்டர விவிட் மோட்ல வச்சு, அசைவ வழவழன்னு காட்டுற அந்த மோஷன் ஸ்மூத்திங்கையும் ஆன்ல விட்டுருந்தாங்க. 1991 படம் சாயங்கால சீரியல் மாதிரி ஓடுது, கமல் மூஞ்சி செக்கச்செவேல்னு இருக்கு, குகைக்குள்ள இருட்டே இல்ல, எல்லாம் சாம்பலா வெளுத்துக் கெடக்கு. அங்க இருந்த தம்பிகிட்ட சொன்னா "நீங்களே பாத்துக்கோங்க சார்"னு ரிமோட்ட குடுத்துட்டான். சினிமா மோடுக்கு மாத்தி மோஷன ஆஃப் பண்ணதும்தான் கேமராமேன் வேணு வச்ச வெளிச்சம் கண்ணுக்குத் தெரிஞ்சுது. போறவங்க இத கேட்டு மாத்தச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க.

டிவிடி பிரிண்ட் சுமார்தான், கோடு கோடா வருது. ஆனா சவுண்டு ஆச்சரியம். அந்தப் பழைய சவுண்டுல ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா விழுது, பாலகுமாரன் வசனத்துக்கு அதுதானே வேணும். ஆஸ்பத்திரி ரூம்ல கமல் சுத்திச் சுத்தி நடந்துகிட்டே பேசுவாரே, அந்த சீன்ல என் அக்கா பையன் போன கீழ வச்சுட்டான், காலேஜ் படிக்கறான், அதுவரைக்கும் "செம ஸ்லோ மாமா"ன்னு உசுர வாங்கினவன். மறுநாள் புதுப்படத்துக்கு சப்வூஃபர் டைல்ஸ் தரையில இடிச்சு பாதி பேச்சு கேக்கல, சப்டைட்டில் இருந்ததால தப்பிச்சோம். ஆனா டூர் வந்த பசங்கள்ல சுபாஷ்னு ஒருத்தன் குகைக் குழிக்குள்ள விழுந்தானே, அப்ப நெஞ்சுல ஒரு இடி, அதுக்கப்புறம் ஒரு அமைதி. அந்த சீனுக்கு சப்வூஃபருக்கு போட்ட காசு நியாயம்தான்.

ரெண்டு படத்துல எது பெருசுன்னு சனிக்கிழமை ராத்திரி பெரிய பஞ்சாயத்து. மஞ்சும்மல் பாய்ஸ்ல எதுவும் வீணில்ல, ஆரம்பத்துல வர்ற வடம்வலி, அதான் கயிறு இழுக்கற போட்டி, கடைசியில சுபாஷ மீட்க கயிறு இழுக்கும்போது வந்து நிக்குது, மழைத்தண்ணி குழிக்குள்ள போயிரக்கூடாதுன்னு பசங்க குறுக்க படுக்கறாங்க, அதுவும் 2006ல நெஜமாவே நடந்த கதை. டைரக்டர் சிதம்பரம் கணக்கா கட்டுன திரைக்கதை. குணா அப்படி கிடையாது, தளபதியோட அதே தீபாவளிக்கு வந்து பெருசா ஓடவும் இல்ல, எங்க போகுதுன்னே சொல்லாம போகுது, நடுவுல தொய்வும் உண்டு. ஆனா என்னைய கேட்டா, புதுப்படத்தோட உச்சமே பழைய படத்துகிட்ட வாங்குன கடன்தான். கண்மணி பாட்டு குணால ஒரு கடுதாசி, குணா சொல்லச் சொல்ல அவன் காதலிக்கற பொண்ணு எழுதறா, பாதி சிரிப்பு பாதி காதல். அதே பாட்டு மஞ்சும்மல்ல சினேகிதன் குட்டன் சுபாஷ தூக்கிட்டு மேல வரும்போது சினேகிதப் பாட்டாயிருது. கடன வட்டியோட திருப்பிட்டாங்க, ஒத்துக்கறேன். மஞ்சும்மல் வந்த 2024க்கு அப்புறம்தான குணாவ இத்தன சின்னப் பசங்க தேடிப் பாக்கறாங்க.

இன்னொண்ணு, குணாவுக்கு நெஜ குகையில இறங்கி எடுத்தாங்க, மஞ்சும்மல்ல நம்மள நடுங்க வச்ச குழி ஆர்ட் டைரக்டர் அஜயன் சாலிசேரி கேரளாவுல பெரும்பாவூர்ல போட்ட செட்டு. ஞாயித்துக்கிழமை காலைல குணா குகைக்குப் போனா கம்பி வேலிதான், வேருங்க மேல நின்னு எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க, குகையக் காணோம். படத்துலயே பாத்துக்கோங்க.

இன்டர்வெல்ல மலைப்பூண்டு தட்டிப்போட்ட ரசம் டம்ளர்ல தந்தாங்க, அந்தக் குளிருக்கு அடிச்சுக்க முடியாது, ரெண்டாவது டம்ளருக்கு காசும் வாங்கல. ஆனா குணா கிளைமாக்ஸ்ல கரன்ட் போயிருச்சு. லைட்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கு, ப்ரொஜெக்டருக்கு இல்ல! கரன்ட் வந்தப்புறம் டிவிடிய முதல்லருந்து ஓட்டித் தேடவேண்டியதாப் போச்சு.

போறவங்க என்ன படம்னு முன்னாடியே போன்ல கேட்டுக்கோங்க, கொடைக்கானலுக்கு வண்டியில வர்றதுக்கு இ-பாஸ் எடுத்துருங்க, காட் ரோட்டுல டிராஃபிக் இருக்கும்னு நெனச்சு சீக்கிரமே கிளம்புங்க, படம் ஒன்பது மணிக்கு போட்டுருவாங்க, யாருக்கும் வெயிட் பண்ண மாட்டாங்க. நாலு ஸ்டார். ப்ரொஜெக்டரையும் இன்வெர்ட்டர்ல மாட்டுனா அஞ்சாவத போட்டுடறேன்.